என் கணவர் லமினேற் செய்த பத்திரம்

2025 பெப்ரவரி 19, புதன்கிழமை. காலை நாலு நாற்பதுக்கு எழும்பினேன். முகம் கழுவி, பிள்ளையாருக்கும் அந்தோனியாருக்கும் சேர்த்து விளக்கேற்றினேன். முன்னவர் என் வீட்டிலிருந்து வந்தவர், பின்னவர் கணவரின் வீட்டிலிருந்து வந்தவர். இருபத்தேழு வருடமாக இருவருக்கும் ஒரு திரி போதுமாயிருக்கிறது. ஐந்து மணிக்குத் தேநீர். ஐந்தேகாலுக்கு இடியப்பம் அவிய வைத்தேன். அது அவியும் நேரத்தில் கலண்டர் தாளைக் கிழித்தேன், மூன்று போத்தல்களில் தண்ணீர் நிரப்பினேன், அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் பேனைகள் எழுதுகின்றனவா என்று பழைய கடித உறையின் பின்பக்கத்தில் கீறிப் பார்த்தேன். கறுப்பு இரண்டு, நீலம் ஒன்று. மூன்றும் எழுதின.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஐந்து மாடிக் கட்டடத்தின் நாலாம் மாடியில் இருக்கிறது. நான் புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். காணி உறுதிகளைத் தட்டச்சு செய்வதும், கையெழுத்து வைக்க வருபவர்களின் பத்திரங்களைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. வயது ஐம்பத்துநாலு. நான் தயாரித்த உறுதி எதுவும் பிழை என்று காணிப் பதிவகத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட உரிமையுள்ள விஷயத்தில் ஒன்றும் தெரியாதவர்போல் இருப்பது எனக்குப் பிடிக்காத காரியங்களில் ஒன்று.

பிடிக்காதவை நிறைய. நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களை அவற்றுக்கென்றே வைத்திருக்கிறேன். வருடா வருடம் புதிய நாட்குறிப்பு வாங்கியதும் பழையதில் இருப்பவற்றில் இன்னும் தீராதவற்றை இலக்கமிட்டுப் பெயர்த்து எழுதுவேன். விரலை நாக்கில் தொட்டு உறுதியின் தாளைப் புரட்டுகிறவர்கள். பேனையை இரவல் வாங்கி, மூடியை மட்டும் திருப்பித் தருகிறவர்கள். லிஃப்டின் இரும்புக் கதவை முழுவதும் இழுத்து மூடாமல் இறங்கிப் போகிறவர்கள். அது மூடாவிட்டால் லிஃப்ட் அந்த மாடியை விட்டு அசையாது, நான் மரக்கறிப் பையோடு நாலு மாடி ஏறவேண்டும். "இந்தா, லேனடிக்கு வந்திட்டன்" என்று தொலைபேசியில் சொல்லும்போதே பின்னால் ஷவர் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறவர்கள்.

என் கணவர் இந்தப் பட்டியலில் பல இடங்களில் வருகிறார். அது அவருக்கும் தெரியும். நான் நாட்குறிப்பை விரித்தால் பத்திரிகைக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"இண்டைக்கு நான் எத்தனையாம் நம்பர்?"

"உங்களுக்கு ஒரு நம்பர் காணாது."

"அப்ப எனக்கெண்டு தனிக் கொப்பி போடும்."

அவர் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வுபெற்றார். அலுமாரிக் கதவைத் திறந்தால் நாலு விரல் இடைவெளி விட்டுத்தான் சாத்துவார். கைத்தொலைபேசியைச் சார்ஜில் போடமாட்டார். நேரம் கேட்டால் "ஒரு பத்து மணிபோல" என்பார். ஒன்பது ஐம்பத்தைந்தும் அவருக்குப் பத்து மணிபோலதான், பத்தே முக்காலும் பத்து மணிபோலதான். எல்லாவற்றிலும் மோசமானது, கண்ட நின்ற ஆட்களோடெல்லாம் கதைப்பது. பாண் வாங்கக் காலி வீதிக்குப் போனவர் ஐம்பது நிமிடம் கழித்துப் பாண் இல்லாமல் வந்து, பேக்கரிக்காரரின் மூத்த மகளுக்கு மாத்தறையில் மாப்பிள்ளை சரிவந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

என் பட்டியலின் முதலாம் இலக்கத்தில் மட்டும் அவர் இருந்ததில்லை. அந்த இடம் பத்திரங்களை லமினேற் செய்கிறவர்களுக்கு உரியது. எங்கள் சனங்களுக்கு இது ஒரு வியாதி. பிறப்பு, இறப்பு, விவாகம், படிப்பு, எது கையில் கிடைத்தாலும் கடைக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுச் சூடாக்கி ஒட்டுவித்துவிடுவார்கள். அது கவனம் என்று நினைப்பு. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் பத்திரத்தில் அரசாங்கம் உறுதிப்படுத்தி முத்திரை குத்தவேண்டும். பிளாஸ்ரிக்குக்கு மேல் முத்திரை குத்தமுடியாது. உறையை உரித்தால் எழுத்தும் பழைய முத்திரையும் அதோடு சேர்ந்து வரும். இருபத்தொன்பது வருடமாக எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். எங்கள் அலுவலகச் சுவரில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. மூன்றையும் தட்டச்சு செய்தவள் நான்.

அன்று ஆறு நாற்பதுக்கு அலுமாரியிலிருந்து நீல நிற ஃபைலை எடுத்தேன். எங்கள் ஒரே மகள் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். கடற்றொழில் படித்தவள். மேற்படிப்புக்கு நோர்வேயில் இடம் கிடைத்திருந்தது. முத்திரை குத்திய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பாவிட்டால் அந்த இடம் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும். முத்திரை குத்தும் அலுவலகத்தில் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவு செய்திருந்தோம். அதைத் தவறவிட்டால் மறுபடி மூன்று கிழமைக்குப் பின்தான் நாள் இருந்தது. மகள் புதன் இரவு பஸ்ஸில் ஏறி வியாழன் விடிய வந்து இறங்குவதாக ஏற்பாடு. ஃபைலில் இருந்த எல்லாவற்றையும் சனிக்கிழமையே சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் ஒரு காரியத்துக்கு முதல் நாள் இன்னொருமுறை பார்ப்பது என் வழக்கம்.

ஃபைலைத் திறந்தேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பளபளவென்று மினுங்கியது. நாலு மூலையும் வட்டமாக வெட்டி, வெகு நேர்த்தியாக லமினேற் செய்யப்பட்டிருந்தது.

நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். இடியப்பத் தட்டோடு கணவர் குசினியிலிருந்து வந்தார்.

"பாத்தீரே? வடிவா வந்திருக்கு என்ன? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வரேக்க செய்வித்தனான். உமக்குச் சொல்லுவம் சொல்லுவம் எண்டு மறந்துபோனன்."

"ஆர் உங்களை இதைச் செய்யச் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? பிள்ளையின்ர பேப்பர். குளிர் நாட்டுக்குப் போகுது. இனி நனையாது, கிழியாது, பூச்சி அரிக்காது."

நான் குரலை உயர்த்தவில்லை. அலுவலகத்தில் சொல்வதை அதே சொற்களில் சொன்னேன். இதில் முத்திரை குத்தமாட்டார்கள். இதைக் கழற்றவும் முடியாது. நாளைக்கு ஒன்பது மணிக்கு இந்தப் பத்திரம் ஒன்றுக்கும் உதவாது.

அவர் தட்டை மேசையில் வைத்தார். அதை வைத்தபோது ஒரு இடியப்பம் வழுக்கி விழுந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"உமக்கு இது தெரியுமோ?"

"இருபத்தொன்பது வருசமாத் தெரியும்."

"எனக்கு ஒருக்காவது சொன்னனீரோ?"

சொல்லவில்லை. அலுவலகத்துக் கதையை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்பது என் கட்டுப்பாடு. இன்னாருடைய காணி, இன்னாருடைய தகராறு என்று வாய் திறந்ததில்லை என்பதில் எனக்கு நல்ல பெருமை. அந்தப் பெருமைக்குள் இதுவும் மூடுபட்டுப் போயிற்று. இன்னொரு பிரதியும் எடுத்து வையுங்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்கிறவள், என் மகளுக்கு ஒரே ஒரு பிரதிதான் வைத்திருந்தேன். கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி என்று பிரிந்துகொண்டது. பாதிக் கோபத்தோடு ஒருவரை ஒழுங்காகத் திட்டிப் பேசவும் முடியாது.

அவர் ஏன் செய்தார் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். எண்பத்துமூன்று இனக்கலவரத்தின்போது அவருக்கு வயது பதினாறு. கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த வீடு எரிந்தது. அவருடைய தாய் பத்திரங்களை ஒரு துணிப்பைக்குள் போட்டு மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டுத்தான் தானும் பாய்ந்தார். நெருப்புக்குத் தப்பிய அந்தப் பை அகதி முகாமில் மழைக்குத் தப்பவில்லை. மை கரைந்து எல்லாத் தாளும் நீலமாகிவிட்டது. அதன்பிறகு தான் பிறந்ததை நிரூபிக்க அவருக்கு நாலு வருடம் பிடித்தது. அந்த மனிதர் மகளின் பத்திரத்தைப் பிளாஸ்ரிக்கில் போட்டதற்கு என்ன சொல்வது?

இனி என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. வழி ஒன்றே ஒன்று. மகளின் பிறப்பைப் பதிந்த பிரதேச செயலகத்துக்குப் போய், விண்ணப்பம் கொடுத்து, அன்றைக்கே புதிய பிரதி எடுக்கவேண்டும். புதன்கிழமை பொதுமக்கள் நாள், சனம் நிறைந்திருக்கும். ஆனாலும் வேளைக்குப் போனால் கிடைக்கும்.

நான்தான் போகவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அன்று காலை ஒன்பதரைக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு உறுதி முடிக்க இருந்தது. விற்பவர்கள் அண்ணனும் தங்கையுமாகக் கனடாவிலிருந்து வந்தவர்கள், அன்றிரவே விமானம். உறுதியின் பதினொரு பக்கத்தையும் தயாரித்தவள் நான். நொத்தாரிசு ஐயாவுக்கு எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. இதுவரை ஒரு கையெழுத்து நாளுக்கும் நான் போகாமல் விட்டதில்லை.

"நான் போறன்" என்றார் கணவர்.

நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன்.

"என்னப்பா, முப்பத்திரண்டு வருசம் கவுண்டர் கவுண்டரா நிண்டவனை வரிசையில நிக்கத் தெரியாதவன் எண்டு நினைக்கிறீரோ?"

"நிக்கத் தெரியும். கதைக்காமல் நிக்கத் தெரியுமோ எண்டுதான் யோசிக்கிறன்."

"பேசும், பேசும். இண்டைக்கு உம்மட நாள்."

ஒரு தாளை எடுத்து, கவனிக்கவேண்டியதை ஐந்து இலக்கமாக எழுதினேன். பதிவு இலக்கம் பழையதோடு ஒத்திருக்கவேண்டும். பிள்ளை, தாய், தகப்பன் மூன்று பேரின் பெயரும் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்கவேண்டும். திகதி முத்திரை தெளிவாக விழவேண்டும். கையெழுத்து இருக்கவேண்டும், கையெழுத்துக்குக் கீழே பதவி முத்திரை இருக்கவேண்டும். தாளை மடிக்கக்கூடாது. வாசித்துக் காட்டினேன். ஓம், ஓம் என்று தலையாட்டினார். அடையாள அட்டை, பளபளத்த அந்தப் பத்திரம், ஒரு பேனை. ஏழு மணிக்கு இறங்கிப் போனார். லிஃப்ட் கதவை மூடும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்து நின்றேன். கேட்டது.

ஏழு பத்துக்கு நான் புறப்பட்டபோது அவருக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் சப்பாத்துத் தட்டின் மேல் கிடந்தது. அதை எடுத்துக் கைப்பையில் போட்டேன்.

ரயிலில் மருதானை வரைக்கும் நின்றுகொண்டே போனேன். எனக்குப் பக்கத்தில் ஒருவர் கைத்தொலைபேசியில் கிரிக்கெட்டைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். வேறு நாளென்றால் கொம்பனித்தெருவுக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அன்று அந்தச் சத்தமும் ஒரு துணைபோல இருந்தது. மருதானையில் இறங்கி, புதுக்கடைக்கு நடந்தேன். கைப்பையில் அந்தப் பட்டியல் இருந்தது. அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டலாம் என்று எடுத்தேன். எடுத்த எடுப்பில் அவருடைய தொலைபேசி அணைந்திருப்பதாகப் பதில் வந்தது.

உறுதி ஒன்பதரைக்கே தொடங்கியது. கையெழுத்து நடக்கும் அறையில் தொலைபேசி இருக்கக்கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். அண்ணன்காரர் நான் பென்சிலால் அடையாளம் போட்ட இடத்தை விட்டு ஒரு அங்குலம் தள்ளிக் கையெழுத்து வைத்தார். தங்கைக்காரி விரலை நாக்கில் வைக்கப் போனாள். ஈரப் பஞ்சு வைத்த கிண்ணத்தை அவள் முன்னால் நகர்த்தினேன். பதினொரு பக்கமும் குறையில்லாமல் முடிந்தது. நொத்தாரிசு ஐயா எழும்பும்போது, "இண்டைக்கு முகம் ஒரு மாதிரி இருக்கு" என்றார். "பல்லுக் குத்து ஐயா" என்றேன். வீட்டுக் கதையை அலுவலகத்துக்குக் கொண்டுவருவதில்லை என்பதும் என் கட்டுப்பாடுதான்.

பன்னிரண்டு மணிக்கு அழைத்தேன். அணைந்திருந்தது. ஒரு மணிக்கும் அப்படியே. ஒன்றரைக்கு மகள் அழைத்தாள். காலையில் நடந்ததை அவளுக்கு நான் செய்தியாக அனுப்பியிருந்தேன்.

"அம்மா, அப்பாவைப் பேசினனீங்களோ?"

"இல்லை."

"உண்மையா?"

"பேசுறதுக்கு ஆளைப் பிடிக்கேலாமல் இருக்கு. போன் செத்துப்போச்சு. விடிய ஏழு மணிக்குப் போனவர்."

"அப்ப ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிக்கிறார்."

"அதுதான் எனக்கும் பயம்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கிடைக்காட்டிப் பரவாயில்லை அம்மா, அடுத்த வருசம் திரும்பப் போடலாம்" என்றாள். அவள் அதை எவ்வளவு லேசாகச் சொல்லப் பார்த்தாள் என்பது எனக்குக் கேட்டது. இந்த இடத்துக்கு அவள் மூன்று வருடம் விண்ணப்பித்தவள். இரண்டு முறை கிடைக்கவில்லை. தன் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கடற்கரையில் மீனவர்களோடு இருந்து எழுதியவள், உடம்பெல்லாம் வெயில் பட்டுக் கறுத்து வந்தவள். மூன்று முறைக்கு மேல் அங்கே விண்ணப்பிக்க முடியாது. அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"பஸ்ஸுக்கு ரிக்கெற் போட்டது போட்டதுதான். நீர் வெளிக்கிட்டு வாரும்" என்றேன்.

மூன்று மணிக்கு மேல் நான் ஒன்றும் தட்டச்சு செய்யவில்லை. தட்டச்சு செய்தால் பிழை வரும் என்று தெரிந்தால் செய்யக்கூடாது. பழைய ஃபைல்களுக்குப் புதிய நூல் கட்டினேன். நாலரைக்கு வெளிக்கிட்டேன்.

ஐந்து நாற்பதுக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே ஆள் இல்லை. அரசாங்க அலுவலகம் எல்லாம் பூட்டி ஒன்றரை மணித்தியாலம். கை கால் கழுவினேன். தேநீர் போடவில்லை. காலையில் விழுந்த இடியப்பம் மேசைக்குக் கீழே காய்ந்து கிடந்தது, அதை எடுத்துப் போட்டேன். ஐந்து ஐம்பத்தைந்துக்கு வெளியே லிஃப்ட் கதவு இழுபட்டது.

உள்ளே வந்தவரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கக்கத்தில் இரண்டு காட்போட் அட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து நூலால் கட்டிப் பிடித்திருந்தார். நூலை அவிழ்த்து மேலட்டையைத் தூக்கினார். நடுவில் புதிய பிரதி.

"கையைத் துடைச்சுப்போட்டுத் தொடும்" என்றார். இதை அவர் எனக்குச் சொன்னது எங்கள் வாழ்க்கையில் முதல் தடவை.

கையைத் துடைத்தேன். கண்ணாடியைப் போட்டேன். பட்டியலைக் கைப்பையிலிருந்து எடுத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். பதிவு இலக்கம் சரி. பெயர்கள் மூன்றும் சரி. திகதி முத்திரை தெளிவு. கையெழுத்து, பதவி முத்திரை, மடிப்பில்லாத தாள். ஐந்தும் சரி.

"பட்டியலை விட்டுட்டுப் போனீங்கள்."

"ஓம், கீழ போனாப் பிறகுதான் தெரிஞ்சது. அதுக்கெண்டு திரும்பி ஏறேல்லை."

"ஏன் இவ்வளவு நேரம்?"

அவர் கதிரையில் இருந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். ஏழே முக்காலுக்கு அங்கே நின்றிருக்கிறார். முப்பத்தாறாம் நம்பர் துண்டு. பத்தரைக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதினொன்றரைக்கு அவருடைய பிரதி கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்திருந்தால் பன்னிரண்டரைக்கு வீட்டில் நின்றிருப்பார்.

"பிறகேன் வரேல்லை?"

"வரிசையில எனக்குப் பின்னால தெமட்டகொடையில இருந்து வந்த ஒரு முஸ்லிம் நானா. நல்ல மனுசன். கதைச்சுக்கொண்டு நிண்டம். அவர் இது ரெண்டாந்தரமாம் வாறது. மகன் கட்டாருக்குப் போறதுக்கு எடுத்துக்கொண்டு போன பிரதியை முத்திரை குத்துற இடத்தில திருப்பிப்போட்டினமாம்."

"ஏனாம்?"

"கையெழுத்து வைச்சவர் வேறை ஒருத்தருக்குப் பதிலா வந்து இருந்தவர். அவற்ற மாதிரிக் கையெழுத்து அங்க இல்லை. ஒப்பிட்டுப் பாக்க ஒண்டும் இல்லாமல் அவை என்னெண்டு முத்திரை குத்துறது? நானாவுக்கு மூண்டு கிழமை போச்சு."

நான் பட்டியலைப் பார்த்தேன். அதில் கையெழுத்து இருக்கவேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன். யாருடைய கையெழுத்து என்று எழுதவில்லை. எங்கள் அலுவலகத்தில் எங்கள் முத்திரையோடு என் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு பத்திரம் எங்கே போகிறது, அங்கே எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

"நான் கவுண்டரில நிண்ட சிங்களத் தம்பியிட்டக் கேட்டன்" என்று அவர் தொடர்ந்தார். "கத்தேல்லை, கேள்வி கேக்கிற மாதிரியும் கேக்கேல்லை. மல்லி, என்ர மகளின்ர அலுவல், இண்டைக்குக் கையெழுத்து வைக்கிற சேர் எப்பவும் இருக்கிறவரோ எண்டன். அவன் நல்ல பெடியன். இல்லை, திங்கட்கிழமைதான் வந்தவர், பழைய சேர் அரை நாள் லீவு, ரெண்டு மணிக்கு வருவார் எண்டு சிங்களத்தில மெதுவாச் சொன்னான். அப்ப இந்தத் தாளை ரெண்டு மணி வரைக்கும் அடியில வையுங்கோ எண்டு சொல்லிப்போட்டு நானும் நானாவும் இருந்திட்டம்."

"சாப்பிட்டீங்களோ?"

"நானா மீன் வைச்ச மாலுபாண் வாங்கித் தந்தவர். ரெண்டு மணி எண்டது மூண்டேகால் ஆச்சு. கையெழுத்தானவுடன முத்திரை ஒரு பக்கம் மங்கிப்போச்சு. அதையும் திரும்பக் குத்துவிச்சன். பிறகு இந்த அட்டை தேடி ஒரு கடைக்குப் போனம்."

"போனைச் சார்ஜில போட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அதை எழுதும். அது நியாயமான நம்பர்."

நான் பிரதியை இன்னொருமுறை எடுத்துப் பார்த்தேன். மூலையில் முத்திரையின் வட்டம் முழுதாக விழுந்திருந்தது. நான் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தாறாம் நம்பரோடு ஒருவரோடும் வாய் திறக்காமல் நின்றிருப்பேன். பதினொன்றரைக்கு ஐந்து விஷயத்தையும் சரிபார்த்து, ஒரு குறையும் இல்லை என்று பெருமையோடு வந்திருப்பேன். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மகளின் கையில் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

இருபத்தேழு வருடமாக இந்த மனிதரின் வேலை என்ன என்று என்னைக் கேட்டவர்களுக்கு, துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிறவர் என்று சொல்லிவந்திருக்கிறேன். அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிழைக்கு இடமில்லாத ஒரு வேலையை, ஒரு பட்டியலும் இல்லாமல், வழியில் நாலு பேரைச் சிநேகிதமாக்கிக்கொண்டு அவர் முப்பத்திரண்டு வருடம் செய்திருக்கிறார். நான் கட்டியவர் கெட்டிக்காரர். அதை அவருக்கு முன்னால் சொன்னேனா என்றால், சொன்னேன்.

"நல்லாச் செய்திருக்கிறீங்கள்."

"என்ன?"

"கேட்டதுதானே."

"வயசு போகுதப்பா, காது சரியில்லை. இன்னொருக்காச் சொல்லும்."

"இந்தப் பிரதியில எனக்குத் திருத்த ஒண்டும் இல்லை."

அதன் பெறுமதி அவருக்குத் தெரியும். கழற்றிய சப்பாத்தைக் கொண்டுபோய்த் தட்டில் நேராக அடுக்கி வைத்தார். பிறகு மகளுக்கு என் தொலைபேசியிலிருந்து அழைத்தார். அவள் பஸ்ஸுக்காக நின்றாள். பின்னால் ஹோர்ன் சத்தமும், சாமான் ஏற்றுகிறவர்களின் குரலும் கேட்டன.

"பிள்ளை, எடுத்தாச்சு."

"அப்பா! உண்மையா? அம்மா பாத்தவவோ?"

"பாத்தவ."

"என்ன சொன்னவ?"

"திருத்த ஒண்டும் இல்லையாம்."

"அதை எழுதி வாங்குங்கோ அப்பா" என்றாள் மகள். "அதை மட்டும் லமினேற் பண்ணலாம்."

நான் சிரித்தேனோ அழுதேனோ என்று எழுதுவதற்கில்லை, இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. அன்று நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களைத் திறக்கவில்லை. அன்றைய பக்கத்தில் அவர் சொன்னதை நேரங்களோடு எழுதினேன்: ஏழே முக்கால், பத்தரை, பதினொன்றரை, மூன்றேகால். தெமட்டகொடை நானாவையும் எழுதினேன். ஒன்பது மணிக்குப் படுத்தோம்.

வியாழக்கிழமை காலை மூன்று ஐம்பதுக்கு எழும்பினேன். யாழ்ப்பாணத்து பஸ் ஐந்து மணிக்குக் காலி வீதியில் நிற்கும். முத்திரை குத்தும் அலுவலகத்துக்கு மகளோடு நான் போவதாகத்தான் முன்பு பேசிவைத்திருந்தோம். எங்கள் வீட்டில் அவரவர் உடுப்பை அவரவர்தான் மினுக்குவது, கலியாணம் கட்டிய மாதத்திலிருந்து அப்படி. முதல் வேலையாக இஸ்திரிக்கைப் பெட்டியைச் செருகிவிட்டு, அவருடைய அலுமாரியிலிருந்து அவர் துறைமுகத்துக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளை நீளக்கைச் சட்டையை எடுத்தேன். சூட்டு மணத்துக்கு அவர் எழும்பி வந்து வாசலில் நின்றார்.

"என்னப்பா, என்ர சட்டையை நீர் மினுக்கிறீர்? ஆரும் செத்துப்போச்சினமோ?"

"ஒன்பது மணிக்கு நீங்கள்தான் பிள்ளையோட போறீங்கள். கவுண்டரில நிக்கிறவர் கசங்கின சட்டையோட நிக்கக்கூடாது."

"அப்ப நீர்?"

"எனக்கு வேலை இருக்கு. நீங்கள் போனால் காணும்."

கொலரை முதலில் மினுக்கினேன், பிறகு இரண்டு கைகளும், பிறகு முதுகு. நாலு இருபதுக்குச் சட்டை தயார்.